கட்டிலுக்கு எட்டாத வயர்

கையில் வைத்துப் பார்த்தால் கனமாகத்தான் இருந்தது. ஆனால் கனமாக இருந்துவிட்டால் ஆயிற்றா என்று உடனே ஒரு குரல் கேட்டது, அது அப்பாவின் குரல்; பூங்கோதை எதைக் கையில் எடுத்தாலும் அந்தக் குரல்தான் முதலில் வந்து எதிர்வரிசையில் உட்காரும். மட்டமான சார்ஜர் உள்ளே ஒன்றுமில்லாமல் தக்கை மாதிரி இருக்கும், நல்லதில் சாமான் இருக்கும், அதனால் கனக்கும், கடையில் கையில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நேற்று அவரிடம் போனில் சொன்னவள் அவள்தான். அவர் சிரித்தார். திண்டுக்கல் பைபாஸ் ஓரத்து எடைமேடையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து லாரி லாரியாக நிறுத்து அனுப்புகிற மனிதரிடம் போய்க் கனத்தைப் பற்றிப் பாடம் எடுத்தால் சிரிக்காமல் என்ன செய்வார். மணல் லோடுல தண்ணிய ஊத்திக் கொண்டாருவாய்ங்க பாப்பா, கனம் இருந்தா மட்டும், என்று ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை. லாரி வேறு சார்ஜர் வேறு என்று இடையில் புகுந்து, அவர் பேச்சை அப்படியே ஓரம்கட்டிவிட்டுத் தன் பேச்சை நடுரோட்டில் ஓட்டினாள். பேசிப் பேசியே ஜெயிக்கிறவள் என்று ஹாஸ்டலில் அவளுக்குப் பேர். மெஸ் சாம்பாரிலிருந்து வார்டன் போட்ட கேட் நேரம்வரை அவள் வாயைத் திறக்காத விவகாரம் இல்லை. அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்கிறவள் பேசாமல் பின்னே யார் பேசுவது. இப்போது அந்த வாய், சென்னைப் பல்கலைக்கழக பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கிற இந்தச் சந்துக் கடையில், கண்ணாடி மேஜைக்கு முன்னால், மூடிக்கொண்டு நின்றது. மத்தியான வகுப்புக்குப் போகவில்லை. மேஜை மேல் வெள்ளையாய் நாலைந்து சார்ஜர்கள், எல்லாம் ஒரே முகம், ஒரே பின் தலை. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டி முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா, பதிவு எண் இருக்கிறதா, வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, எழுத்து அழியாமல் இருக்கிறதா, பிளாஸ்டிக் ஒட்டுப்போட்ட இடத்தில் நகம் நுழைகிறதா. படிக்கப் படிக்க ஒன்றும் மனசில் ஏறவில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அதை இந்தக் கடையில் யாரும் விற்கவில்லை.

தாங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது, என்று அப்பாவின் நம்பரில் அந்தப் பெண் குரல் ஆரம்பிக்கும்போதே வெட்டிவிடப் பழகிவிட்டாள். காலையிலிருந்து அந்தக் குரல்தான். அதற்கு எவ்வளவு பொறுமை, எவ்வளவு மரியாதை, தாங்கள் என்கிறது, வாடிக்கையாளர் என்கிறது, ஒரு மனிதர் கட்டிலில் எரிந்துகொண்டிருந்தாலும் அதே பதவிசாகச் சொல்லும், ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளார் என்று. செய்யப்பட்டுள்ளார். யாரால். சே, இதை யோசிக்கக் கூடாது என்றுதானே கடைக்கே வந்தது. தினமும் காலையில் அப்பா வேலை முடிந்து டீக்கடையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டே கூப்பிடுவார், பின்னால் பரோட்டா மாவு அடிக்கிற சத்தம் கேட்கும், எந்திரிச்சிட்டியா பாப்பா என்பார், இல்லை இன்னும் தூங்குகிறேன் என்பாள், தூக்கத்திலேயே எதிர்த்துப் பேசுறியா என்பார். இன்றைக்கு அது வரவில்லை. கோபமாக இருக்கலாம். நேற்று சாயங்காலம் அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் போனைப் படக்கென்று வைத்தவள் அவள்தானே. ஆனால் அப்பாவுக்குக் கோபம் வந்தால் இன்னும் நாலு தடவை கூப்பிடுகிற ஆள், கூப்பிடாமல் இருக்கிற ஆள் இல்லை. சண்டை எங்கே ஆரம்பித்தது? தலையணையில். சார்ஜரில் ஒரு மாதிரி வாசம் வருது பாப்பா, டிவி ரிமோட்டை அடுப்புல போட்ட மாதிரி, என்று போகிற போக்கில்தான் சொன்னார். அவள் கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைந்ததில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பழைய சார்ஜர் போனதும் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் குவித்துப் போட்டு விற்றவனிடம் வாங்கியது. தொட்டால் சுடுகிறது. காலையில் வந்து படுக்கும்போது போனைச் சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். தலையணை இதமா இருக்கு, சளிக்கு நல்லது என்று வேறு சொன்னார். அப்போதுதான் அவள் வெடித்தாள். வெடித்தாள் என்ற வார்த்தையிலேயே மனசு போய் இடித்துக்கொண்டது. கையிலிருந்த சார்ஜரை மேஜையில் வைத்தாள். வைத்தது சூடாக இருந்த மாதிரி இருந்தது. அது வெயில், கடை முகப்பு மேற்குப் பார்த்தது, அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒரு பூக்காரம்மா வந்து நின்று தன் போனை நசீர் பாயிடம் நீட்டினாள். நசீர் பாய்தான் கடைக்காரர். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவர் எதற்கும் எழுந்திருக்கவில்லை, நாற்காலியை மட்டும் திருப்பி எல்லாப் பக்கத்துக்கும் போனார். பூக்காரம்மாவின் போன் நேராக வைத்தால் சார்ஜ் ஏறாதாம். வயரை ஒரு பக்கமாக வளைத்து, ரப்பர் பேண்டு சுற்றி, மேலே உப்பு டப்பாவைப் பாரமாக வைத்தால்தான் ஏறுமாம். உப்பு டப்பாதான் வேண்டுமா, மிளகாய்த்தூள் டப்பா வைத்தால் ஏறாதா என்று நசீர் பாய் கேட்டார். அவள், காலி டப்பாவாப் போச்சுன்னா அதுவும் ஏறாது பாய், கிண்டல் பண்ணாம பாரு என்றாள். அவர் முதலில் வேறு வயரைச் செருகிப் பார்த்தார், ஏறவில்லை; பிறகு போனின் துளையை விளக்கில் காட்டிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். பூக்காரம்மா உதவியாக ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள், தினமும் இதில்தான் நோண்டுகிறேன் என்றாள். பூங்கோதைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஊக்கு இரும்பு, உள்ளே படக் கூடாத இடத்தில் பட்டால் போனே போய்விடும், முதலில் போனை அணைக்க வேண்டும், பல் குத்துகிற குச்சியால் மெதுவாக எடுக்க வேண்டும் என்று கேட்காதவர்களுக்கு எல்லாம் சொல்லி முடித்தாள். பூக்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். டீச்சராம்மா நீ, என்று கேட்டாள். இல்லை, படிக்கிறேன் என்றாள். அதான், என்றாள் பூக்காரம்மா. நசீர் பாய் போனை அணைத்துக் குச்சியை விட்டுச் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் பஞ்சு வந்தது, வந்துகொண்டே இருந்தது, புடவை நூல், நார், ஒரு காய்ந்த மல்லி இதழ்த் துணுக்கு. இத வெச்சு ஒரு தலகாணியே தைக்கலாம்மா, என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டாள்.

இலவம் பஞ்சு. அப்பாவின் தலையணை இலவம் பஞ்சு, நடுவில் தலை அழுத்தி அழுத்திக் குழிந்தது, உறை மாற்றச் சொன்னால் மாற்றாதது. பஞ்சில் நெருப்பு முதலில் தெரியாது என்று எங்கோ படித்திருந்தாள். உள்ளேயே கனிந்து, உறைக்கு வெளியே வட்டமாக ஒரு பழுப்பு மட்டும் வரும், இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த மாதிரி. ஒரு படம்கூடப் பார்த்திருந்தாள், யாருடைய தலையணையோ, எந்த ஊரோ. அந்தப் பழுப்பு வட்டத்தைப் படத்திலிருந்து எடுத்துத் திண்டுக்கல் வீட்டுக் கட்டிலில் வைத்துப் பார்த்தது மனசு, அளவு சரியாக இருந்தது. நீலச் சுண்ணாம்பு அடித்த அறை, பகல் வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கு அம்மாவின் பழைய சேலை, கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே ஆட்டம் கண்ட பிளக் பாயிண்ட். பின்னைச் செருகினால் சொடக்குப் போடுகிற சத்தம் வரும், அதற்குப் பயந்துதான் சின்ன வயசில் அவள் டேபிள் ஃபேனைப் போட அம்மாவைக் கூப்பிடுவாள், அம்மா போன பிறகு அப்பாவை. உள்தாழ்ப்பாள் போட்டுத்தான் தூங்குவார். பகலில் எதற்குத் தாழ்ப்பாள் என்று அதற்கும் ஒரு நாள் வாதம் நடந்தது, எடைமேடைக்காரன் வீட்டைத் தேடி வந்து எடையை மாற்றிப் போடச் சொல்லிக் காலில் விழுகிற லாரிக்காரர்கள் தொல்லை என்றார், அவள் ஜெயித்தாள், ஆனால் தாழ்ப்பாள் அப்படியேதான் இருந்தது. அவள் ஜெயித்த எந்த வாதத்திலும் வீட்டில் ஒரு சாமான் இடம் மாறியதில்லை. நேற்று மட்டும்தான், எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவர் ஒரு வார்த்தை சொன்னார். சரி. வெறும் சரி. இருபத்துமூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. நக்கல் என்றுதான் அவளுக்குப் பட்டது. சரி என்று சொல்லி முடித்துவைக்கப் பார்க்கிறார், போனை வைத்ததும் அதே சார்ஜரை அதே துளையில் செருகப்போகிறார் என்று பட்டது. அதனால்தான் பதில் சொல்லாமல் கட் செய்தாள். அந்தச் சரியைக் காலையிலிருந்து எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாயிற்று. நக்கலாகச் சொன்னால் ரி கொஞ்சம் நீளும். நீண்டதா? களைப்பாகச் சொன்னால் தேயும். தேய்ந்ததா? ஒரு குரலை ஞாபகத்திலிருந்து எடுத்துக் கேட்கக் கேட்க அது அழிந்துகொண்டே வருகிறது.

எந்த போனுக்கும்மா, என்று நசீர் பாய் கேட்டார். பூக்காரம்மா போய்விட்டிருந்தாள். பூங்கோதை அப்பாவின் போன் பேரைச் சொன்னாள், அதற்கு எத்தனை வாட் சரியாக வரும் என்று கேட்டாள். அவர், கம்பெனி மாறினாலும் வாட் கூடினாலும் தப்பில்லை, சார்ஜர் தரமானதாக இருந்தால் போதும், போன் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும் என்றார், வீட்டில் வேறு யாருடைய நல்ல சார்ஜராவது இருந்தால் இப்போதைக்கு அதைப் போட்டாலே போதும் என்றார். தெரியும். இது அவளுக்குத் தெரியும். பிறகு நேற்று ஏன், பக்கத்து வீட்டு சார்ஜரையும் தொடாதே, ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் செருகாதே, வாட் மாறினால் போன் வெந்துவிடும் என்று அவரிடம் அடித்துச் சொன்னாள்? அவர் நடுவில், ஜெபமணி வீட்ல ஒண்ணு நல்லது இருக்கு, என்று சொல்லப்போனார், அந்த வழியையும் அடைத்துவிட வேண்டும் என்றுதான். வாதத்தில் அப்படித்தான். எதிராளி எந்தப் பக்கம் போனாலும் சுவர் இருக்க வேண்டும், சுவர் செங்கல்லா அட்டையா என்று அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள். ஜெபமணி அத்தை. அந்தப் பேரைத்தான் காலையிலிருந்து சுற்றி வளைத்துத் தாண்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு, நம்பர் இருக்கிறது, கூப்பிட்டால் எடுப்பாள், கொஞ்சம் எட்டிப் பாருங்க அத்தை என்றால் போனைக் கையில் பிடித்தபடியே போவாள். செருப்புச் சத்தம் கேட்கும். கேட் கிறீச்சிடும். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கும். அதற்கப்புறம் ஒரு சத்தம் வர வேண்டும். அது வராமல் போனால்? கூப்பிடாத வரைக்கும் அப்பா கோபமாக இருக்கிறார், அவ்வளவுதான். கூப்பிட்டுவிட்டால் இரண்டில் ஒன்று. இது ஒரு வாதமா என்று தன்னையே கேட்டாள். முதல் வருஷப் பிள்ளை எழுதினால்கூடச் சிவப்பு மையில் சுழிப்பார்கள். ஆனாலும் விரல் அந்தப் பேருக்குப் போகாமல் இன்னொரு தரம் அப்பாவின் பேரை அழுத்தியது, தாங்கள் தொடர்புகொள்ளும், வெட்டினாள். விசித்திரம், மத்தியானத்தில் எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறவர். இரண்டு வகுப்புக்கு நடுவில், மரத்தடியில் நின்று, சாப்பிட்டியா என்று கேட்பதற்காகக் கூப்பிடுவாள், மணி முழுசாக அடிப்பதற்குள் சொல்லு பாப்பா என்று வந்துவிடும். தோழிகளிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், உங்கள் வீட்டு அப்பாக்கள் மாதிரி இல்லை என்று. ராத்திரி முழுக்க விழித்துவிட்டுத் தூங்குகிற ஒரு மனிதர் எப்படி முதல் மணியில் எடுக்கிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

நசீர் பாய் நாற்காலியைச் சுற்றி வந்து இரண்டு வயர்களை மேஜையில் போட்டார். ஒன்று நீளம், பாம்பு மாதிரி சுருட்டி வைத்தது. ஒன்று சின்னது, முழங்கைகூட வராது. எல்லாரும் நீளமானதுதான் கேட்கிறார்கள், படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்றார். இரண்டையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு எது என்று யோசிக்க வேண்டுமானால் முதலில் அப்பா இருக்க வேண்டும். அந்த நினைப்பு இவ்வளவு சாதாரணமாக, பட்டியலில் அடுத்த வரி மாதிரி வந்ததைக் கண்டுதான் அவளுக்குத் திடுக்கென்றது. வயர்களை வைத்துவிட்டு ஜெபமணி அத்தையின் பேரை அழுத்தினாள்.

அத்தை எடுத்ததும் சென்னையில் மழையா என்று கேட்டாள். அப்பாவைக் கொஞ்சம் பார்க்கணும் அத்தை, போன் ஆஃப்லயே இருக்கு, என்று சொல்லும்போது தன் குரல் வேறு யாரோ கடையில் பேசுகிற மாதிரி சமமாக இருந்ததைப் பூங்கோதை கவனித்தாள். இரு போறேன் என்றாள் அத்தை. செருப்புச் சத்தம். கேட் கிறீச்சிட்டது, அவள் நினைத்துவைத்த அதே கிறீச். எண்ணெய் போடச் சொல்லியிருந்தாள், போடவில்லை. யாரோ துணி துவைக்கிற சத்தம். பிறகு கதவு. அண்ணே. தட்டல். வேலாயுதண்ணே. தட்டல். மேஜைக் கண்ணாடிக்குக் கீழே ஹெட்போன்கள் வரிசையாக இருந்தன, சிவப்பு, கறுப்பு, சிவப்பு, ஒன்றில் விலைச் சீட்டுத் தலைகீழாக ஒட்டியிருந்தது, அதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டல். அண்ணனுக்கு நல்ல தூக்கம் போல என்று அத்தை தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒட்டியவன் தலைகீழாக ஒட்டியிருக்கிறான், யாரும் கவனிக்கவில்லை, இத்தனை பேர் வந்து போயும் யாரும். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

"யாரு, ஜெபமணியா? என்னா?"

"ஒம் மக. இந்தா பேசு. பச்சப் புள்ளைய பயமுறுத்தி வச்சிருக்க."

பூங்கோதை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நசீர் பாய் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார், அவள் உட்காரவில்லை. போன் கை மாறுகிற சத்தம் வந்தது, கொட்டாவி வந்தது, பிறகு அப்பா வந்தார்.

"என்ன பாப்பா. கோவம் போயிருச்சா?"

"போன் ஏன்ப்பா ஆஃப்ல இருக்கு?"

"சார்ஜ் இல்ல."

"சார்ஜ் போட வேண்டியதுதான?"

"நீதான போடாதன்ன. நேத்து நீ வச்சதும் அந்த வயரக் கத்தரியால ரெண்டாக் கத்தரிச்சுட்டேன். வச்சிருந்தா கை சும்மா இருக்காது, செருகிருவேன்."

பழுப்பு வட்டம், ஜன்னல் சேலை, உள்ளேயே கனிகிற பஞ்சு எல்லாம் காலையிலிருந்து எவ்வளவு உழைத்திருக்கின்றன, அங்கே ஒன்றுமே இல்லாமல். அவர் கேட்க மாட்டார் என்ற ஒரே அஸ்திவாரத்தில் கட்டிய பயம். அவர் கேட்டுவிட்டார் என்ற ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் யோசித்திருந்தாள்.

"ஜெபமணி அத்தை வீட்லயாவது போட்டிருக்கலாம்ல?"

"அதையும் தொடாதன்ன. வாட்டு மாறுனா வெந்துரும்ன. ஆபீஸ்லயும் கூடாதுன்ன. நீ வாங்கி அனுப்புறவரைக்கும் சும்மா கெடப்போம்னு விட்டுட்டேன்."

"என்னிக்குப்பா நான் சொன்னதக் கேட்டிருக்க நீ?"

"ஒரு தடவ கேட்டுப் பாப்போம்னுதான்."

அவர் குரலில் நக்கல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. தூக்கம்தான் இருந்தது. அத்தை சார்ஜர்ல இப்போதைக்குப் போட்டுக்கப்பா, ஒன்றும் ஆகாது, என்றாள். அப்ப நேத்துச் சொன்னது என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவளிடம் எப்போதும் நாலு பதில் தயாராக இருக்கும். அது சும்மா சொன்னதுப்பா, நீ அந்தப் பக்கமும் போயிறக் கூடாதுன்னு, என்றாள். ஓகோ என்றார், அதற்கு மேல் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஜெயித்ததே தெரியாதவர் மாதிரி ஒரு கொட்டாவி விட்டார். எதிரே நசீர் பாய் இரண்டு வயரையும் தூக்கிக் காட்டி எது என்று புருவத்தால் கேட்டார். அவள் போனைக் கொஞ்சம் விலக்கி, சின்னது என்றாள். கட்டில்ல படுத்துக்கிட்டா எட்டாதும்மா என்றார். எட்ட வேண்டாம் என்றாள். அது அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"எது எட்ட வேண்டாம்?"

"வயர்தான். சின்னதா வாங்குறேன். போன் ஜன்னல் திண்டுலதான் இருக்கணும், சுத்தித் துணி இருக்கக் கூடாது. தலகாணிக்குக் கீழ வைக்கிற பேச்சே இனிமே இல்ல."

"ஜன்னல்ல வச்சா கேக்காது பாப்பா."

"என்ன கேக்காது?"

"நீ கூப்பிடறது. மத்தியானம் அசந்துருவேன்ல. காதுக்கடியில இருந்தாத்தான் டக்குனு எடுக்க முடியும்."

சந்தில் ஒரு ஆட்டோ பின்னுக்கு வந்து, திரும்ப முடியாமல், மறுபடி முன்னுக்குப் போனது. பூங்கோதை அது போகிறவரை பார்த்தாள். மரத்தடி, சாப்பிட்டியா, முதல் மணி, சொல்லு பாப்பா. சூட்டை இதம் என்று சொல்லிக்கொண்டு. தலையணைக்கு எதிராக அவள் நேற்று அடுக்கிய காரணங்களில் இது ஒன்றுக்குப் பதில் இருந்ததா என்று தேடினாள், ஏனென்றால் தேடுவது பழக்கம். இல்லை. இனிமேல் சாயங்காலம் நீ எழுந்த பிறகு கூப்பிடுகிறேன், மத்தியானம் கூப்பிட மாட்டேன் என்றாள். மத்தியானம் நீ சாப்பிட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். சாப்பிட்டியா என்று கேட்பது அவள்தான், அவர் இல்லை. இத்தனை நாளாக அந்தக் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைத் திருத்தலாம். திருத்தவில்லை.

நசீர் பாய் சார்ஜரை அட்டைப் பெட்டியில் வைக்கப் போனார். ஒரு நிமிஷம் என்று கையை நீட்டி வாங்கி மறுபடி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"சார்ஜர் கையில இருக்குப்பா."

"கனம் பாத்தியா?"

"பாத்தேன். கனமாத்தான் இருக்கு."

"கனம் இருந்தா மட்டும்..." என்று ஆரம்பித்தார் அப்பா, வழக்கப்படி அந்த இடத்தில் நின்றார், அவள் குறுக்கே வருவதற்காக. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் ஜெபமணி அத்தை போனைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணி ஊற்றிய மணலைப் பற்றி, லாரியை மேடையில் ஏற்றும்போது பின் சக்கரத்தடியில் ஈரம் சொட்டுகிறதா என்று தான் குனிந்து பார்ப்பதைப் பற்றி, உள்ளே என்ன கனக்கிறது என்று தெரியாமல் ஒன்றுக்கும் சீட்டு எழுதக் கூடாது என்பதைப் பற்றி, முதல் தடவையாகக் கடைசிவரை சொன்னார்.